டப்பாவில் 24 புழுக்கள்

"அந்தத் தகர டப்பா இன்னும் வீட்டிலேதான் இருக்காப்பா?" என்று புனேயிலிருந்து மகள் தொலைபேசியில் கேட்டாள். பேரனை அழைத்துக்கொண்டு அவள் தில்லிக்கு வர இரண்டு நாள்தான் இருந்தது. பேரனுக்கு மூன்று வயது. எது கிடைத்தாலும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அது என்ன என்று கேட்பான்.

எந்த டப்பா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசப்படும் டப்பா ஒன்றே ஒன்றுதான். பான் மசாலா வந்த பழைய தகர டப்பா. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் வரிசையாக 24 புழுக்கள். உயிருள்ளவை அல்ல, செய்தவை. ஆட்டுரோமம், செப்புக்கம்பி, பாலிதீன், நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளின் மேல் கட்டிச் செய்தவை. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் எடைக்காக ஏதோ ஒரு உலோகம் இருக்கிறது. அது என்ன உலோகம் என்பது எனக்குத் தெரியாது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேன்.

1993இல் என்னை இமாசலப் பிரதேசத்தின் பஞ்சார் என்ற சிற்றூருக்கு மாற்றினார்கள். வங்கிக் கிளை மேலாளர் பதவி. தில்லியிலிருந்து மணாலி போகும் பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து, ஔட் என்ற இடத்தில் இறங்கி, பியாஸை விட்டுப் பிரிந்து மலைக்குள் போகவேண்டும். லார்ஜியில் பியாஸோடு கலக்கும் தீர்த்தன் ஆற்றின் பள்ளத்தாக்கு அது. மனைவிக்கு அந்தக் குளிர் பிடிக்கவில்லை. ஆறு வயது மகளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. எனக்கு ஆறு பிடித்தது.

கோயம்புத்தூர்க்காரனான நான் சிறு வயதில் சிங்காநல்லூர்க் குளத்தில் மண்புழுவும் தக்கையும் வைத்துத் தூண்டில் போட்டவன். ட்ரவுட் என்ற மீனைக் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊருக்கு மேலே நீலகிரியில், அவலாஞ்சியில், 1907 முதலே ட்ரவுட் பொரிப்பகம் உண்டு. அதை நான் அறிந்துகொண்டது இமயமலைக்குப் போன பிறகு. குளிர்நாட்டு மீன் இல்லாத ஊரில் ஆங்கிலேயர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை போலும். காஷ்மீருக்கு 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து 1909இல் குலுவுக்கு வந்தது பழுப்பு ட்ரவுட். அதன் சந்ததிதான் தீர்த்தனில் இருப்பவை.

அனுமதிச் சீட்டு வாங்கி, தில்லியில் வாங்கிய தூண்டிலும் பளபளப்பான மிதக்கும் ஈக்களுமாக நான் இரண்டு மாதம் ஆற்றங்கரையில் நின்றேன். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. ஒரு நாள் மாலை, கரையில் விறகுக்கட்டோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் கேட்டார்: "மேனேஜர் சாப், மீன் எங்கே சாப்பிடுகிறது, மாடியிலா கீழ்த்தளத்திலா?"

அவர் மீன்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். சிறுவனாக இருந்தபோது வெள்ளைக்காரத் துரைகளின் தூண்டில் பையைச் சுமந்திருக்கிறார். அவர்கள் மரக்கிளையில் சிக்கவைத்துவிட்டுப் போன ஈக்களைப் பறித்துவந்து, பிரித்துப் பார்த்தே கட்டக் கற்றவர். சாச்சாஜி என்று கூப்பிட ஆரம்பித்தேன். கடைசிவரை அவருக்கு நான் மேனேஜர் சாப்தான்.

அன்று அவர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினார். அடிப்பக்கத்தில் விரல்நக நீளத்துக்கு மணலும் பொடிக்கல்லும் ஒட்டிய சின்னச் சின்னக் குழல்கள். ஒன்றைப் பிய்த்து மெல்ல அழுத்தினார். அழுக்குப் பாலின் நிறத்தில், கறுத்த தலையோடு ஒரு புழு வெளியே வந்தது. இன்னொரு கல்லின் அடியில் கூடே இல்லாத, பச்சை நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. "இதுதான் இங்கே சப்பாத்தி. நீங்கள் காட்டுவது கல்யாண லட்டு. வருஷத்துக்கு நாலு நாள்தான் அது கிடைக்கும்" என்றார்.

ஆங்கிலத்தில் அதற்குக் காடிஸ் என்று பெயர். பட்டாம்பூச்சிக்கும் விட்டில்பூச்சிக்கும் நெருங்கிய உறவு. பட்டுப்புழுவைப் போலவே வாய்க்குக் கீழிருந்து பட்டிழை வரும். ஆனால் இது தண்ணீருக்குள் நெய்கிறது. ஈரத்திலேயே ஒட்டும் அந்த இழையால் மணலையும் குச்சியையும் சேர்த்துத் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. சில வகைகள் கூடு கட்டாமல் கற்களுக்கிடையே வலை பின்னி, ஓடிவரும் இரையைப் பிடிக்கின்றன. ஹூபர்ட் டூப்ரா என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1980களில் இந்தப் புழுக்களை ஒரு தொட்டியில் விட்டு, மணலுக்குப் பதிலாகத் தங்கத் துணுக்குகளைப் போட்டார். புழுக்கள் தங்கத்தில் கூடு கட்டின. கையருகில் எது கிடைக்கிறதோ அதைக்கொண்டு கட்டும். நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை.

வெள்ளம் கல்லை அசைக்கும்போது பிடிநழுவிய புழுக்கள் அடியோடு உருண்டு வரும். ட்ரவுட் ஆழத்தில் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நின்று அவற்றை வாங்கிக்கொள்கிறது. நாம் கட்டும் புழுவும் அந்த உயரத்தில், அந்த வேகத்தில் வரவேண்டும். தீர்த்தனின் வேகத்தில் வெறும் ரோமமும் நூலும் கட்டிய முள் கீழே இறங்குவதற்குள் பத்தடி தள்ளிப் போய்விடும். எனவே எடை. உருவம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மீன் மன்னிக்கும், உயரம் தவறினால் மன்னிக்காது என்பார் சாச்சாஜி. போலந்துக்காரர்களும் செக் நாட்டவரும் 1980களில் உலகப் போட்டிகளில் இதே போன்ற கனமான காடிஸ் புழுக்களை வைத்து, நரம்பைக் குறுகலாகப் பிடித்து, அடியோடு நடத்திப் பதக்கம் பதக்கமாக வாங்கினார்கள் என்று பின்னால் படித்தபோது சாச்சாஜியை நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் முதல் தேதி ஆறு மூடப்படும். பிப்ரவரி முடியும்வரை ட்ரவுட்டுக்கு முட்டையிடும் காலம், தூண்டில் போடக்கூடாது. வெளியே பனி. பள்ளிக்கும் நீண்ட குளிர்கால விடுமுறை. அந்த நான்கு மாதங்கள்தான் புழு கட்டும் காலம். சாச்சாஜி எங்கள் வீட்டுக்கே வருவார். கூடவே அவருடைய கடைசி மகனும் வருவான். இருபது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கணக்கு வராது, ஒரு வேலை சொன்னால் பாதியில் மறந்துபோகும். ஊரார் அவனை மந்தம் என்றார்கள். ஆனால் ஆற்றில் எந்தக் கல்லின் அடியில் புழு இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கண்ணாடிச் சீசாவில் உயிரோடு பிடித்துவந்து எங்கள் முன் வைப்பான், பார்த்துக் கட்டுவதற்கு. என் மகள் அவனைப் பய்யா என்று கூப்பிட்டாள். அவன் சிரிக்கும் ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் சாப்பாட்டு மேஜைதான் பட்டறை. மேஜை ஓரத்தில் ஒரு சின்ன வைஸ். அதன் வாயில் பத்தாம் எண் முள். முதலில் ஈயம். மண்டிப் பக்கத்து மீனவர்களின் கிழிந்த வீச்சுவலைகளிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளைச் சாச்சாஜி ஒரு பையில் கொண்டுவருவார். அவற்றைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கத்தரியால் நூல் நூலாக நறுக்கவேண்டும். முள்ளின் தண்டில் பன்னிரண்டு சுற்று. இரண்டு முனைகளிலும் மெலிந்து நடுவில் பருத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புழு விறகுக்கட்டை போல இருக்கும். ஈயத்தின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி வழுக்காமல் இறுக்குவது அடுத்தது. முள்ளின் வளைவில் ஒரு துண்டுச் செப்புக்கம்பி, எரிந்துபோன மோட்டாரின் காயிலிலிருந்து எடுத்தது. அதோடு பாலிதீன் பையிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டை. தேன்மெழுகு தடவிய நூலில் ஆட்டுரோமத்தைத் திரித்து, வளைவிலிருந்து கண்ணை நோக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் உடம்பு. கடைசியில் மயில்தோகை இழையால் கறுத்த தலை. பாலிதீனை முதுகின் மேல் இழுத்துப் போட்டு, செப்புக்கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் புழுவின் கணுக்கள் பிதுங்கித் தெரியும். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மூச்சு நிற்கும். அதுவரை குப்பையாக இருந்தது சட்டென்று உயிருள்ளதாகிவிடும்.

ஈயத்தைச் சுற்றாமல் தண்டின் முதுகில் பட்டையாக வைத்துக் கட்டினால், தண்ணீரில் முள் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். கூர்முனை மேலே இருப்பதால் கல்லில் மாட்டாது. இந்த வித்தையைச் சாச்சாஜி இரண்டாவது குளிர்காலத்தில்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் நான் ஆற்றுக்கு நூறு புழுக்களாவது காணிக்கை செலுத்தியிருந்தேன்.

மகளுக்கு அப்போது ஏழு முடிந்து எட்டு. அவள் விரல்கள் என் விரல்களைவிட நன்றாக வேலை செய்தன. ஈயத்தை நறுக்குவது அவள் வேலை. சுற்றிய முனையைப் பல்லால் கடித்து அழுத்துவாள். சாச்சாஜியும் அப்படித்தான் செய்வார், நானும்தான். இடுக்கியைத் தேடுவதைவிடப் பல் பக்கத்தில் இருந்தது. மேஜையின் ஒரு பக்கம் சாம்பல் நிறத் தூள். மறுபக்கம் வறுத்த வேர்க்கடலை. விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கடலையை அள்ளுவாள். இப்போது எழுதும்போதே கை நடுங்குகிறது. அப்போது எங்கள் வீட்டின் மிக மகிழ்ச்சியான காட்சி அதுதான்.

1995 பிப்ரவரியில் அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. வரும், போகும். மலச்சிக்கல். சாப்பாடு வேண்டாம் என்பாள். எதற்கெடுத்தாலும் அழுகை. இரண்டு முறை பூச்சிமருந்து கொடுத்தார்கள். மூன்றாவதாகக் குலுவில் ஒரு இளம் டாக்டரிடம் போனோம். அவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேள்வியாகக் கேட்டார். வீட்டில் புதிதாகப் பெயின்ட் அடித்தீர்களா? கண்ணுக்குச் சுர்மா இடுவீர்களா? குழந்தை எதை வைத்து விளையாடும்? நான் பெருமையோடு சொன்னேன், என் மகள் மீன்பிடிக்கும் புழு கட்டுவாள் என்று.

ரத்தம் சண்டிகர் போய் வந்தது. டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம் ஈயம். அப்போது குழந்தைகளுக்கு 10ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்கர்கள் வைத்திருந்த எல்லையை டாக்டர் சொன்னார். 2012இல் அதை 5 ஆகவும், 2021இல் 3.5 ஆகவும் குறைத்துவிட்டார்கள். பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவம். ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் பெரியவர்களின் உடல் எடுத்துக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் எடுத்துக்கொள்ளும் என்றும் பின்னால் படித்தேன். அன்று டாக்டர் சொன்னது ஒன்றுதான்: "மருந்து வேண்டாம். அதை நிறுத்துங்கள். பாலும் கீரையும் கொடுங்கள். கையைக் கழுவச் சொல்லுங்கள்."

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீடு திரும்பியதும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜையை வெந்நீரும் சோப்பும் போட்டு நான்கு முறை தேய்த்தாள். பிறகு அதை வெளியே கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். அந்தக் குளிரில் நாங்கள் மார்ச் முழுவதும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முட்டைகூடத் தொடாத குடும்பத்திலிருந்து வந்தவள். மீன்பிடிக்கும் விஷயத்தில் அதுவரை ஒரு சொல் பேசாமல் இருந்ததுதான் அவள் செய்த பெரிய விட்டுக்கொடுப்பு.

பிரிட்டனில் தேம்ஸ் நதியின் அன்னங்கள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் சாகின்றன என்று 1987லேயே சின்ன ஈயக் குண்டுகளை விற்கத் தடை வந்துவிட்டது. எட்டு வருஷம் கழித்து நான் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாச்சாஜி வழக்கம்போல வந்தார். மகன் சீசாவோடு பின்னால். வாசலில் கிடந்த மேஜையைப் பார்த்துவிட்டு என்ன என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுவலி, ரத்தம், எண்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்குள் போகும், படிப்பு வராமல் போகும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ஒரு படித்த மனிதன் தான் புதிதாகத் தெரிந்துகொண்டதைச் சொல்லும் ஆர்வத்தோடு சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். என் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவர் வெகுநேரம் பேசவில்லை. வாசலில் அவருடைய மகன் என் மகளுக்குச் சீசாவைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாற்பது வருஷமாக வீட்டில்தான் தட்டுகிறேன்," என்றார் சாச்சாஜி. "அடுப்புப் பக்கத்தில். அவன் தவழும்போது இந்தப் பைதான் அவனுக்கு விளையாட்டுச் சாமான்." பிறகு கேட்டார்: "மேனேஜர் சாப், இதனால்தானா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், மலைப்பகுதிகளில் அயோடின் குறைவாலும் குழந்தைகள் அப்படிப் பிறந்திருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன் நடந்ததை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு, அடுத்த வாரம் அவரிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் கேட்ட அன்று நான் சும்மா நின்றேன். அதைத்தான் அவர் பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் புழு கட்டவில்லை. ஆற்றில் பார்த்தால் பேசுவோம். செம்பைப் பற்றி அவரிடம் ஒருமுறை சொன்னேன். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் என்பவர், ஈயமும் நூலும் இல்லாமல் வெறும் செப்புக்கம்பியாலேயே எடையும் கொடுத்து இறகையும் கட்டினார். 1958இல் அவர் எழுதிய புத்தகத்தைத் தில்லியில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிடித்திருந்தேன். ஈயம் தண்ணீரைப்போல் 11 மடங்குக்குச் சற்று மேல் கனம், செம்பு ஏறத்தாழ 9 மடங்கு. கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் போதும். சாச்சாஜி கேட்டுக்கொண்டார். "செம்பு விலை அதிகம்" என்றார், அவ்வளவுதான்.

மகளின் ரத்தத்தில் ஆறு மாதத்தில் 8 ஆனது. படித்தாள், பொறியாளரானாள். அந்த 17 அவளிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து தேடும்போதெல்லாம் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும்.

1996இல் மாற்றல் வந்தது. கிளம்பும் நாள் காலை, பேருந்து நிலையத்தில் சாச்சாஜி அந்த டப்பாவை என் கையில் வைத்தார். "ஆறு மாதத்துக்குத் தாங்கும்" என்றார். பேருந்து கிளம்பிய பிறகு திறந்தேன். 24 புழுக்கள். அவர் கட்டியவற்றிலேயே மிக நேர்த்தியானவை. 2003இல் அவர் காலமானதை, அங்கிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி ஊழியர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் இப்போதும் கட்டுகிறேன். டங்ஸ்டன் மணிகள் வாங்குகிறேன். தங்கத்துக்குச் சமமான கனம், சின்ன மணியே கல்லைப்போல் இறங்கும், ஈயத்தின் விஷம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு குளிர்நீர் ஆற்றுக்குப் போய்வருவேன், பிடித்த மீனை விட்டுவிடுவேன். அந்த 24இல் ஒன்றைக்கூடத் தண்ணீரில் போட்டதில்லை. ஈயமாக இருந்தால் ஆற்றில் போடக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கையில் எடுத்து எடை பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

மகள் வந்த அன்று இரவு, பேரன் தூங்கியதும், பால்கனியில் செய்தித்தாளை விரித்தாள். பழைய துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள், என்னையும் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். மனைவி உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள், கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பிளேடால் வயிற்றைக் கீறினாள். பாலிதீன் நொறுங்கிப் போயிருந்தது. ரோமம் உதிர்ந்தது. கறுத்த நூல் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தது. கடைசி நூலை விலக்கிவிட்டு டார்ச்சை அருகில் கொண்டுவந்தாள்.

செம்பு. மெல்லிய கம்பி, இடைவெளி இல்லாமல், இரண்டு அடுக்கு. ஈயத்தின் பருமன் வருவதற்காக நடுவில் மூன்றாவது அடுக்கும் சுற்றியிருந்தார். கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள். உள்ளேயும் அதே நிறம். ஓரத்திலிருந்து இன்னொன்றை எடுத்துக் கீறினாள். அதுவும் செம்பு.

மிச்சத்தை அவள் தொடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, டப்பாவின் மூடியைப் போட்டாள்.

"பய்யா இப்போ எங்கே இருக்கார்ப்பா?" என்றாள்.